செத்துப்போன தாத்தா சொல்லுதேன்

ஏலே பேராண்டி, மறுபடியும் பரிசுக்குக் கதை எழுதுதியாமே. ஆச்சி சொன்னா. நல்லா எழுது. எனக்கென்ன தெரியும், கம்பையும் பருத்தியையும் கட்டிக்கிட்டு அழுத ஆளு. ஆனா நீ அசந்து தூங்கும்போது தலமாட்டுல கெடந்த விதிமுறைத் தாளை எடுத்து ஒரு வரி விடாம வாசிச்சுட்டேன். மூணாங்கிளாஸ் படிச்சவனுக்கு விளங்குனது உனக்கு விளங்குச்சான்னு ஒரு சந்தேகம். அதான் கூப்பிட்டேன்.

முதல்ல என் சாவைப் பத்திப் பேசிருவோம். போன கதையில பட்டினியில செத்தேன். அதுக்கு முந்துன கதையில கிணத்துல விழுந்து செத்தேன். ஒண்ணுல உசுரோட விட்டுட்டியேன்னு சந்தோசப்பட்டா, கடைசிப் பாராவுல கயித்துக்கட்டில் காலியாக் கெடக்கு. இங்க நான் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்புமா உக்காந்திருக்கேன், சர்க்கரை வியாதிகூடக் கெடையாது. நடுவர் கண்ணுல தண்ணி வரணும்னா நாலு வெங்காயத்தை உரிச்சு அனுப்பு. தாத்தனை ஏன்டே உரிக்க?

சந்தைக்கு மாடு ஓட்டிட்டுப் போறவன் கொம்புல வர்ணம் பூசுத மாதிரி, போட்டின்னு வந்துட்டா நீ எங்க மேல வறுமையைப் பூசிருத. நம்ம கிணறு வத்துனது நிசந்தான். வத்துன கிணத்து மேட்டுல உக்காந்து சீட்டாடிச் சண்டை போட்டுச் சிரிச்சதும் நிசம்லா? அது மட்டும் உன் கதைக்குள்ள வரவே மாட்டேங்கு.

காமன்வெல்த் சிறுகதைப் பரிசுன்னு 2012லருந்து கொடுக்காகளே, அதைத்தான சொல்லுத? தமிழ்லயே அனுப்பலாம், கட்டணமும் கெடையாது. 2,000 வார்த்தைக்குக் குறையக் கூடாது, 5,000க்கு மேல போகக் கூடாது. மண்டலத்துக்கு ஒருத்தர்னு அஞ்சு பேருக்கு 2,500 பவுண்டு, அந்த அஞ்சுல முதலா வாரவுகளுக்கு 5,000. தொகை பெருசுதான். ஆனா செயிச்சவுக என்ன எழுதுனாகன்னு பாத்தியா? 2016ல பராசர் குல்கர்னி. வெள்ளைக்காரன் காலத்துல, சூயிங்கம் கம்பெனி விளம்பரத்துக்கு ஒரு பசுமாடு வேணும்னு நாலு பேரு தேடி அலையுதாக. அந்த யோசனை உனக்கு வந்திருந்தா மாடு வைக்கோல் கெடைக்காமச் செத்திருக்கும். 2024ல பம்பாய்ப் பொண்ணு சஞ்சனா தாக்கூர், கதைக்குப் பேரே ‘ஐஸ்வர்யா ராய்’. ஒருத்தி காப்பகத்துலருந்து தனக்குத் தோதா ஒரு அம்மாவைத் தேடுதா. ஒரு அம்மா ரொம்பச் சுத்தமாம், இன்னொரு அம்மா ரொம்ப அழகாம். ரெண்டும் சரிப்படலயாம். இப்படிக் கூத்தா யோசிக்க உனக்கு யாருடே தடை போட்டா?

சிங்கப்பூர்ல இருக்கானே உன் பெரியப்பா மகன், அவன் வேற ரகம். அங்க தங்கமுனை விருதுன்னு ரெண்டு வருசத்துக்கு ஒருக்க, தமிழையும் சேத்து நாலு மொழியில போட்டி. அங்க குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருந்தா அனுப்பலாம். அவன் எழுதுததெல்லாம் நம்ம ஊரு ஆலமரமும் தாமரைக் குளமும். குளம் தூந்து, அதும்மேல பஸ் ஸ்டாண்டு கட்டி, அதுவும் இப்ப ஒழுகுது. பிளேனை அண்ணாந்து பாத்ததோட சரின்னு இருக்க நீயோ, சிங்கப்பூர் ஈசூன் அடுக்குமாடியில ஒரு தமிழன் தனிமையில வாடுதான்னு எழுதி வச்சிருக்க. ரெண்டு பேரும் ஒரு நாள் போன்ல பேசிக்கிட்டா என்ன? காசு நான் தாரேன்.

காமன்வெல்த் பரிசுக்கு வாசப்படி, அந்தக் கூட்டத்து நாடு ஒண்ணுல குடியுரிமை. யாழ்ப்பாணத்துலருந்து ஓடிப்போயி டொராண்டோவுல இருக்க தமிழன், லண்டன்ல இருக்க தமிழன், கையில அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தா அனுப்பலாம். அதே யாழ்ப்பாணத்து ஒழுங்கையிலருந்து ஓடுனவன், பாரிசுல எறங்கிப் பிரெஞ்சுக்காரனாயிட்டான்னா முடியாது. ஒரே குண்டுக்குப் பயந்து ஓடுனவுகதான், ஏறுன விமானம் வேற. இதை வச்சு ஒண்ணு எழுதேன், கெழவன் சாகாம.

நீ விண்ணப்பமே போட வேண்டாத பரிசும் இருந்துச்சு. 1970ல தொடங்குன இலக்கியச் சிந்தனைக்காரக, மாசா மாசம் பத்திரிகையில வந்த கதைகளை வாசிச்சு ஒண்ணைப் பொறுக்கி, வருசக் கடைசியில அந்தப் பன்னெண்டுலருந்து ஒண்ணை எடுத்தாக. நடுவரை நெனைச்சு எழுதாத கதையைத் தேடிப் போன பரிசு அது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். அதே 1970ல நம்ம இடைசெவல் கு. அழகிரிசாமிக்கு ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காகச் சாகித்ய அகாதெமி விருது கெடைச்சுது. வாங்க ஆளு இல்ல, போய்ச் சேந்துட்டாரு. கதைக்குள்ள கெழவன் செத்தா உனக்குப் பரிசுங்குத, வெளியில எழுதுனவரு செத்தப்புறம் அவருக்குப் பரிசு. எப்படியோ யாராவது சாகத்தான் வேண்டியிருக்கு.

சரி, காமன்வெல்த் காரியத்தைக் கேளு. கதைத் தாள்ல உன் பேரு எங்கயும் வரக் கூடாது. முகநூல்ல ஒருக்க போட்டு நாலு லைக் வாங்குன கதையை அனுப்பாத, எங்கயும் வெளிவராததுதான் வேணுங்காக. கடைசித் தேதி அன்னைக்கு ராத்திரி கரண்டு போயிரும், அதுக்கு முந்தியே அனுப்பிரு.

அப்புறம், தப்பித்தவறிப் பரிசு வந்துட்டா பேட்டி எடுக்க ஆளுக வருவாக, தாத்தாவையும் நிக்கச் சொல்லுங்கன்னு கேப்பாக. நான் கோமணத்தோட கலப்பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா, டெர்லின் சட்டை போட்டுக்கிடலாமான்னு முன்னாலயே சொல்லிரு. சட்டைன்னா இஸ்திரிக்குக் கொடுக்கணும். கலப்பைன்னா யாருகிட்டயாவது இரவல் கேக்கணும், நம்மகிட்ட டிராக்டர்தான இருக்கு.