அரை நாள் லீவும் ஒரு தாம்பாளமும்

சபா நாடகத்துக்கு மேடை நிர்வாகம் பார்க்க ஆசையா? முதலில் நிரந்தர வேலை ஒன்றைப் பிடியுங்கள். நாடகம் சோறு போடாது; நடிகருக்குச் சோடா வாங்கிவரச் சொல்லும், அதுவும் உங்கள் காசில்.

வழி ஒன்றும் புதிதல்ல. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் வேலையில் இருந்தபடியேதான் நாடகம் போட்டார். பூர்ணம் விசுவநாதன் வானொலியில் செய்தி வாசித்தார். கிரேசி மோகன் இன்ஜினியர். வீட்டில் பேச்சு வந்தால் இந்தப் பெயர்களை எடுத்து விடுங்கள். அவர்களெல்லாம் கைதட்டு வாங்கியவர்கள், நீங்கள் திரை இழுக்கப் போகிறவர் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது கணக்கு. மாநில அரசு அலுவலகம் மாலை 5:45 வரை. நாடகம் 7 மணிக்கு. எழிலகத்தில் பஸ் ஏறி தி.நகர் வாணி மகால் போய்ச் சேர்வதற்குள், செட்டுக்காரர் வாசல் கதவை இடப்பக்கம் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். நடிகர் வலப்பக்கமாக வருபவர். ஆகவே மத்தியானமே நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். ஆண்டுக்குத் தற்செயல் விடுப்பு 12. பாதியாக உடைத்தால் 24 நாடகம். ஏப்ரலில் கோடை நாடக விழா வரும் என்பதை மறந்து ஜனவரியிலேயே செலவழிப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

மேடைச் சாமான் பட்டியலை ஆபீஸ் கோப்பிலேயே வையுங்கள். மேலே ‘நிலுவை’ என்று எழுதிவிட்டால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். சாமான்தான் சிக்கல். ஒருநாள் என் மேஜைக்கடியில் தாம்பாளம், குங்குமச் சிமிழ், பிளாஸ்டிக் மாலை இரண்டு இருந்ததைப் பார்த்து, “யாருக்கு சார் நிச்சயதார்த்தம்?” என்று பக்கத்து சீட்டில் கேட்டார்கள். சிரித்து வைத்தேன். சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று இரண்டாவது காட்சி. சைட் விங்கில் நிற்கிறேன். சட்டைப்பையில் போன் அதிர்கிறது. பிரிவு அலுவலர். இருட்டில் கட் செய்கிறேன் என்று நினைத்து ஆன் செய்து பையில் போட்டுவிட்டேன். மேடையில் சம்பந்தி, “இந்தக் கல்யாணம் நடக்காது! தாம்பாளத்தை எடுடி!” என்று அலற, பெண்ணின் அம்மா கதறி அழுகிறாள். நல்ல நடிகை.

மறுநாள் அலுவலர் அருகில் அழைத்துத் தாழ்ந்த குரலில், “எல்லாம் காதுல விழுந்தது. அரை நாள் எதுக்குய்யா, வேணும்ங்கிறப்ப முழு நாளா எடுத்துக்க” என்றார். மறுக்கவில்லை. விளக்கம் சொல்லி நல்ல மனிதரை நோகடிப்பது நிர்வாகமாகாது.

அதன்பின் அந்த நாடகம் 11 தடவை நடந்துவிட்டது. 11 தடவையும் கல்யாணம் நின்றது, எனக்கு லீவு கிடைத்தது. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சபா வாசலில் கண்ணாடி போட்ட ஒருவர் கவலையான முகத்தோடு நின்றால், டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.