பிள்ளையாண்டானின் முப்பரிமாண சங்கற்பம்

சிறுசேரி சிப்காட் பூங்காவிலே, உருகுவே தேசத்துக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஓட் சிறகு விரித்த பட்டாம்பூச்சியைப் போல வடிவமைத்துக் கொடுத்த டி.சி.எஸ். மாளிகையை முப்பரிமாணத்தில் வரைந்தே தீருவது என்று, அதற்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் என் மருமகப் பிள்ளையாண்டான் சங்கற்பம் செய்துகொண்டான். கருவி, 2011-ல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவன் அக்காளுக்கு வந்து, பிற்பாடு பிதுரார்ஜிதம் போல இவனுக்கு இறங்கிய இயந்திரம். நினைவகம் 2 ஜிபி. பாடம் படிக்க வந்த அந்தச் சாதுப் பிராணியின்மேல் குற்றம் ஏதுமில்லை.

மென்பொருளோ பிளெண்டர். 2002 முதல் மூலநிரல் திறந்து இலவசமாகவே கிடைப்பதுதான். ஆனால் 2019-ல் வந்த 2.80 பதிப்பு முதற்கொண்டு, ஓப்பன்ஜிஎல் 3.3 அறிந்த கிராபிக்ஸ் சில்லு இல்லாதவனை அது வாசற்படி ஏற்றுவதில்லை. லினக்ஸில் இதற்கும் ஓர் உபாயம் உண்டு: மீசா என்னும் நிரல்தொகுதி, சில்லு செய்யவேண்டிய வேலையைப் பிராசசரின் தலையிலேயே கட்டிவிடும். சமையற்காரர் வராத கல்யாணத்தில் புரோகிதரே கரண்டி பிடிப்பது போன்ற ஏற்பாடு. மந்திரமும் நடக்கும், சாம்பாரும் கொதிக்கும், முகூர்த்தந்தான் தவறிப்போகும்.

அவ்வண்ணமே அவன் ஒரு ஜன்னலை நகர்த்தத் தொடங்க, நான் திருப்போரூர் சென்று முருகனைத் தரிசித்துத் திரும்பினேன்; ஜன்னல் பாதி வழியில் நின்றிருந்தது. மாமல்லபுரத்து ரதங்களிற் சிலவற்றைப் பல்லவச் சிற்பிகளே பூர்த்தி செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

“அவங்க உளி ஹேங் ஆகலையே, மாமா,” என்றவன், என் பக்கம் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை மடிக்கணினியின் பக்கம் திருப்பி வைத்தான்.