காப்புக்கு முந்தைய பிரியாணி: தோழியர் விருந்து பற்றி ஓர் ஆய்வு

கல்யாணப் பெண்ணுக்குத் தோழிகள் மட்டும் கூடி வைக்கும் விருந்தில் மூன்று தரப்பினர் உண்டு: தோழிகள், பெண்ணின் அம்மா, பஞ்சாங்கம். முதல் தரப்பு வாட்ஸ்அப் குழு தொடங்கும். முடிவெடுப்பது மற்ற இரண்டும். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முனைவது இதைத்தான்.

களத்தின் வரலாறு விருந்துக்குச் சாதகமானதல்ல. 1947இல் காந்திகிராமத்தை நிறுவிய டி.எஸ். சௌந்தரம், ஜி. ராமச்சந்திரன் இருவரின் திருமணம் 1940இல் காந்தியின் முன்னிலையில் நடந்தது. அதற்கு முன் ஓராண்டு காலம் இருவரும் சந்திக்காமல், கடிதமும் எழுதாமல் இருக்கும்படி காந்தி சொல்லியிருந்தார். திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் என்ற துறையில் இதைவிடச் சிக்கனமான முன்மாதிரி கிடைப்பது அரிது.

இனி தேதி. ஆடி, மார்கழியில் முகூர்த்தமே இல்லை என்பதால் அந்த மாதங்களில் துறை உறங்குகிறது. மற்ற மாதங்களில் சிக்கல் காப்பில் தொடங்குகிறது. காப்புக் கட்டிவிட்டால் பெண் படி தாண்டக் கூடாது. பல வீடுகளில் கவிச்சியும் கிடையாது. திண்டுக்கல் வட்டாரத்தில் இரண்டாவது தடைதான் கடுமையானது. நாகசாமி நாயுடு 1957இல் பிரியாணிக் கடை திறந்து, அவருடைய தலைப்பாகையே கடைக்குப் பெயராகிப்போன ஊர் இது. சீரகச் சம்பா பிரியாணி இல்லாத விருந்தை எந்தத் தோழியும் விருந்தென்று ஒப்பமாட்டாள். ஆகவே விருந்து காப்புக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

மருதாணியோ இதற்கு நேர் எதிராக இழுக்கிறது. இலையிலுள்ள லாசோன் என்ற சாயம் தோலின் கெரட்டினோடு சேர்ந்து முதலில் ஆரஞ்சாகத் தெரியும். நன்றாகச் சிவக்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். சீக்கிரமே வைத்தால் தாலி கட்டும் நேரத்தில் வெளுத்திருக்கும். எனவே மருதாணியைக் கல்யாணத்தை ஒட்டித்தான் வைக்க வேண்டும், அதுவும் வீட்டில், அத்தைமார் நடுவில். ஒரே விருந்து இப்படித்தான் இரண்டாக உடைகிறது. நன்றாகச் சிவந்தால் புருஷன் பாசக்காரன் என்ற பழைய கருதுகோளில் ஆய்வு நெறிப்படி ஒரு குறை உண்டு: நிறத்தைத் தீர்மானிப்பவை இலையின் தரம், எலுமிச்சைச் சாறு, கையில் வைத்திருந்த நேரம் ஆகியவை. மாப்பிள்ளை இதில் எங்கும் வருவதில்லை. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் கோன் மட்டும் வேண்டாம். அதில் தலைச்சாயத்து வேதிப்பொருள் கலந்திருக்கலாம். கொப்புளம் போட்ட கையோடு மணவறையில் உட்கார முடியாது.

உடைப் பிரிவில் களத்துக்கு வாய்த்த வசதி பெரிது. பக்கத்திலேயே சின்னாளப்பட்டி; சுங்குடிச் சேலைக்குப் பெயர்போன ஊர். எல்லாரும் ஒரே நிறமா, ஆளுக்கொரு நிறமா என்ற விவாதம் சேலை விலையைவிட நீளும்.

ரகசியம் என்ற கூறு இங்கே செல்லுபடியாகாது. ஊதா பலூன் கட்டோடு டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணிடம் கண்டக்டரே கேட்டுவிடுவார், “யாருக்கும்மா கல்யாணம்?” சிறுமலைக்குக் கூட்டிப்போய் அசத்தலாம் என்றால் நடுவில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அதோடு அம்மாவின் நிபந்தனை வேறு: “இருட்டுறதுக்குள்ள வந்துரணும்.”

ஒப்பியல் நோக்கில் துருக்கியரின் மருதாணி இரவு நமக்கு நெருக்கமானது. அங்கே சோகப் பாட்டுப் பாடிப் பெண்ணை அழவைப்பார்கள். இங்கே தனிப்பாட்டு தேவையில்லை. நலங்கு வைக்க வந்த சித்தி ஒருத்தி கன்னத்தைத் தடவினால் போதும். ஜெர்மானியர் கல்யாணத்துக்கு முன் பீங்கான் பாத்திரங்களைப் போட்டு உடைத்து, சில்லுகளை மணமக்களையே கூட்டவைக்கிறார்கள். எவர்சில்வர் புழங்கும் நாட்டில் இம்முறை எடுபடாது.

எஞ்சுவது கணக்கு. மணப்பெண்ணின் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வதில் கருத்து வேறுபாடில்லை. பெங்களூரிலிருந்து வீடியோ காலில் மட்டும் தலைகாட்டிய தோழி பிரியாணிக்குப் பணம் தர வேண்டாம் என்பதிலும் ஒருவழியாக உடன்பாடு வந்துவிடும். கேக்குக்குத் தரவேண்டுமா என்பது கல்யாணம் முடிந்த பிறகும் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும்.