தெரியாத எண்

பிள்ளையார்பாளையத்து நெசவாளி பெற்றோர் கூட்டத்துக்கு வரவேண்டுமென்றால் தறியை ஒரு வேளை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு வருகிறவரிடம் புதுக் கணக்கு வாத்தியார் தன்னைப் பற்றி ஒரு வரியும், பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரமும் பேசுவார். 2018இல் மாறிய ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ‘தகவல் செயலாக்கம்’ என்று ஓர் இயல். “இதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம்ங்க. உங்களுக்குப் புரியாது, பையனைத் தொந்தரவு பண்ணாம இருந்தாப் போதும்.”

கேட்டுக்கொண்டிருப்பவர், ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து, எந்த ஓட்டைக்கு எந்த இழை எழும்பும் என்று பார்த்துப் பார்த்து யாளியும் மயிலும் நெய்கிறவர். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செம்மைப்படுத்திய அந்த அட்டை முறைதான் பின்னாளில் கணிப்பொறிக்கே முன்னோடி. ஆனாலும் அவர் பவ்யமாகத் தலையாட்டுவார்.

இயற்கணிதம் வரும்போதுதான் வாயைத் திறப்பார்.

“எக்ஸ்னா தெரியாத எண்.”

“கூலிங்களா சார்?”

பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுத்து, சேலையை எடை போட்டு வாங்கி, முன்பணத்தைக் கழித்து முதலாளி நீட்டும்வரை அது தெரியாத எண்தானே. வாத்தியார் வடிவியலுக்குத் தாவிவிடுவார்.