கறுப்புத் திரைக்காரர்

லினக்ஸ்காரர் என்பவர், கம்ப்யூட்டரைப் பற்றி யார் எந்தக் குறை சொன்னாலும் ஒரே மருந்தை எழுதித் தருபவர். மெஷின் மெதுவாக இருக்கிறதா, வைரஸ் வந்துவிட்டதா, பிரவுசர் பாதியில் நின்றுவிட்டதா, எல்லாவற்றுக்கும் அவர் சொல்வது “மொதல்ல விண்டோஸைத் தூக்குங்க” என்பதுதான். சென்னை தரமணியிலும் கோவை சரவணம்பட்டியிலும் அடர்த்தியாகக் காணப்படுகிறார். பொறியியல் கல்லூரி இருக்கும் எந்த ஊரிலும் ஓரிருவராவது தேறுவார்கள். பெரும்பாலும் ஆண். வயது இருபதிலிருந்து ஐம்பது வரை. கல்யாணமானவர்களும் உண்டு, அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இரண்டு இருக்கும்.

அடையாளம் காண்பது எளிது. லேப்டாப் பழையது, அநேகமாக செகண்ட்ஹாண்ட் திங்க்பேட். மூடி முழுக்க ஸ்டிக்கர். கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள கீயின் மேல் தவறாமல் ஒரு பென்குயின் ஒட்டியிருக்கும். சாவிக்கொத்தில் வண்டிச் சாவியோடு ஒரு பென் டிரைவ் தொங்கும். அதில் பூட் ஆகத் தயாராக மூன்று நான்கு டிஸ்ட்ரோக்கள், அதாவது லினக்ஸின் வகைகள். முகூர்த்தத்துக்குப் போகும்போதும் அதைக் கழற்றி வைக்கமாட்டார். மண்டபத்தில் எந்தச் சித்தப்பாவாவது தன் லேப்டாப்பைப் பற்றி அலுத்துக்கொள்ளாமலா இருப்பார்?

திரை கறுப்பு. பின்னால் ஒரு மலைக்காட்சி மங்கலாகத் தெரியும்படி, கமாண்ட் தட்டும் டெர்மினலை அமைத்து வைத்திருப்பார். திறந்த கையோடு நியோஃபெட்ச் என்ற நிரல் ஓடி, டிஸ்ட்ரோவின் சின்னத்தையும் கர்னல் பதிப்பையும் ரேம் அளவையும் வண்ண வண்ணமாகக் காட்டும். தன் மெஷினில் எவ்வளவு ரேம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பின்னால் நிற்பவருக்குத் தெரிய வேண்டுமே! நியோஃபெட்சை எழுதியவர் 2024இல் அதைக் கைவிட்டுவிட்டதால், இப்போது பலர் ஃபாஸ்ட்ஃபெட்சுக்கு மாறிவிட்டார்கள்.

பேச்சைத் தொடங்கினால் 1991 ஆகஸ்டிலிருந்துதான் தொடங்குவார். ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்த மாதம் அது. கேட்பவர் அதற்குள் “லினக்ஸா?” என்று வாய் திறந்தால், “குனு லினக்ஸ்னு சொல்லணும்” என்று திருத்தம் வரும். திருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. டோர்வால்ட்ஸ் எழுதியது கர்னல் என்ற கருப்பகுதி. அதைச் சுற்றியுள்ள கருவிகளில் பெரும்பங்கு, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தவை. ஆனால் கேட்டவர், வைஃபை ஏன் வரவில்லை என்றுதான் கேட்டிருப்பார்.

வளர்ச்சியில் நான்கு பருவங்கள் உண்டு. முதலாவது உபுண்டு. 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த பிறகு, 2011 வரை கேட்டவருக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை வந்ததும் பையனுக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருப்பதாக அப்பா நினைத்ததும், பிறகு பிரித்துப் பார்த்ததும், இன்று நாற்பதைத் தொடும் லினக்ஸ்காரர்கள் பலரின் வீட்டுக் கதை. அடுத்த தலைமுறைக்கு 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி கைகொடுத்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பூட் ஆகும்போது வரும் பட்டியலில் தவறிப்போய் இரண்டாவதைத் தொட்டவர்களில் சிலர் திரும்பவே இல்லை. இரண்டாம் பருவத்தில் மின்ட், ஃபெடோரா, மஞ்சாரோ என்று மாதம் ஒரு டிஸ்ட்ரோ மாறும். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவு இதற்கு உகந்த நேரம். மூன்றாவது ஆர்ச். எல்லாவற்றையும் கமாண்டாகவே தட்டி நிறுவுவது அதன் மரபு என்பதால், நிறுவி முடித்த செய்தியைத் தெரு முழுக்கச் சொல்லாமல் இருக்க முடியாது. கடைசிப் பருவம் டெபியன்: 1993இல் தொடங்கியது, அவசரப்பட்டுப் புதுப்பதிப்பு விடாதது. மூட்டுவலி தொடங்கும் வயதில் அங்கே போய்ச் சேர்வார்.

இவரிடம் கற்றுக்கொள்ளத்தக்கது எது என்றால், அது டெர்மினல்தான். கேட்காமலே கற்றும் தருவார். பக்கத்து இருக்கைக்காரர் நீளமான கோப்புப் பெயர் ஒன்றை எழுத்து எழுத்தாகத் தட்டுவதைப் பார்த்தால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். “அண்ணே, டேப்... டேப் அடிங்கண்ணே!” என்று எழுந்தே வந்துவிடுவார். முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப்பை அழுத்தினால் மிச்சத்தை ஷெல் நிரப்பிக்கொள்ளும். நிரப்பவில்லை என்றால் அதே எழுத்தில் தொடங்கும் வேறு கோப்பும் இருக்கிறது, அல்லது அப்படி ஒரு கோப்பே இல்லை. அண்ணன் அடுத்து, போன வாரம் தட்டிய கமாண்டைத் தேடி மேல் அம்புக்குறியை விடாமல் அழுத்துவார். “கன்ட்ரோல் ஆர் அண்ணே.” அழுத்திவிட்டு அந்தக் கமாண்டில் நினைவிருக்கும் ஒரு துண்டைத் தட்டினால் பழையது வந்து நிற்கும், அது வேண்டாமென்றால் மறுபடி கன்ட்ரோல் ஆர். அனுமதி இல்லை என்று கமாண்ட் திரும்பி வந்தால் முழுவதையும் மறுபடி தட்ட வேண்டாம். நிர்வாகி அதிகாரம் கேட்கும் சூடோ என்று தட்டி, இடம் விட்டு, இரண்டு ஆச்சரியக்குறி போட்டால் போதும். சிடி என்ற கமாண்டைத் தட்டி, இடம் விட்டு, ஒரு ஹைஃபன் போட்டால், இதற்கு முன் இருந்த கோப்புறைக்கே திரும்பிவிடலாம். இந்த நான்கும் கைக்குப் பழகிவிட்டால் டெர்மினல் பயம் பாதிக்கு மேல் போய்விடும்.

மீதிப் பயம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, சூடோ பாஸ்வேர்டு கேட்கும் இடம். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் தட்டத் தட்டத் திரையில் நட்சத்திரம்கூட வராது. புதியவர் கீபோர்டு கெட்டுவிட்டதாக நினைத்துப் பலமாகத் தட்டுவார். அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பாஸ்வேர்டின் நீளம்கூடப் பின்னால் நிற்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. தட்டியதில் சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் யூ அழுத்தி முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இன்னொன்று கன்ட்ரோல் எஸ். வேர்டில் பத்து வருடம் சேவ் செய்து பழகிய விரல், டெர்மினலிலும் தன்னையறியாமல் அதை அழுத்தும். திரை அப்படியே உறைந்துவிடும். எதைத் தட்டினாலும் அசையாது. புதியவர் மெஷினை ஆஃப் செய்யப் போவார். டெலிடைப் காலத்தில் எதிர்முனை தாக்குப்பிடிக்காதபோது ‘கொஞ்சம் நிறுத்து’ என்று சொல்ல ஏற்பட்ட சைகை இது. ‘சரி, அனுப்பு’ என்பதற்குக் கன்ட்ரோல் க்யூ. லினக்ஸ்காரர் பின்னாலிருந்து கைநீட்டி அந்த ஒரே கீயைத் தட்டி உயிர்கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சம்பள உயர்வு வந்த நாளில்கூட அந்தக் களை வந்திருக்காது.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவருக்கு அது திருவிழா. எந்தக் கோப்புறை எவ்வளவு தின்கிறது என்று டியூ கமாண்டைக் கேட்டு, அதை ஒரு பைப் வழியே சார்ட்டுக்கு அனுப்பி, பெரியது கடைசியில் வரும்படி வரிசைப்படுத்துவார். இரண்டிலும் எச் என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் ‘எம்’, ‘ஜி’ என்று மனிதர் படிக்கும் அளவில் வரும், சரியாக வரிசையும் ஆகும். ஒன்றின் விடையை இன்னொன்றின் கேள்வியாக்கும் இந்தப் பைப், டக் மெக்கில்ராய் என்பவர் வற்புறுத்தி 1973இல் யூனிக்ஸுக்கு வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அதைவிட நல்லது ஒன்று வரவில்லை என்பது லினக்ஸ்காரரின் கட்சி. இதில் அவரோடு சண்டைக்குப் போக இடமில்லை. கோப்புறைப் பெயருக்குப் பதில் நட்சத்திரம் போட்டுத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புறைகளை அந்த நட்சத்திரம் எண்ணாது. பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருப்பான்.

அழிக்கும் கமாண்டான ஆர்எம் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தாழும். அதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். ‘பழைய’ என்று தொடங்கும் கோப்புகளை அழிக்க, பெயரை ஒட்டியே நட்சத்திரம் போட வேண்டும். நடுவில் ஓர் இடம் விழுந்துவிட்டால் ‘பழைய’ என்ற கோப்பையும், பிறகு அந்தக் கோப்புறையில் உள்ள மற்றக் கோப்புகள் அத்தனையையும் அழி என்று அர்த்தமாகிவிடும். கேள்வி கேட்காதே என்று எஃப் எழுத்தும் சேர்த்திருந்தால், அது கேட்காது. அதே நட்சத்திரத்தோடு முதலில் எல்எஸ் தட்டி, எவை வருகின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு ஆர்எம் தட்டுவது உத்தமம்.

எடிட்டர் விஷயத்தில் அவர் கௌரவம் பார்ப்பார். பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய விஐயின் வாரிசாக, பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம்தான் எடிட்டர் என்பார். உள்ளே போய் மாட்டிக்கொண்டவர்கள் எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி தட்டி, என்டர் கொடுத்து வெளியே வரலாம். வீட்டுக்காரியத்துக்கு, என்ன கீ எதற்கு என்று அடியிலேயே எழுதிக் காட்டும் நானோ தாராளம். லினக்ஸ்காரரும் யாரும் பார்க்காதபோது அதைத்தான் திறக்கிறார்.

டெர்மினலை விட்டு டெஸ்க்டாப்புக்கு வந்தால் மனிதர் மாறிவிடுகிறார். அதுவரை உதவி செய்தவர், இப்போது அபிப்பிராயம் சொல்லத் தொடங்குவார். கேடிஇயா கினோமா என்ற வழக்கு, காபியில் சிக்கரி கலக்கலாமா என்ற வழக்கைப் போல் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. 1996இல் மத்தியாஸ் எட்ரிக் கேடிஇயைத் தொடங்கினார்; அது நம்பியிருந்த க்யூட்டி நிரல்தொகுப்பின் உரிமம் முழுச் சுதந்திரமானது இல்லை என்று, 1997இல் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் கினோமைத் தொடங்கினார்கள். 2000இல் க்யூட்டி, ஜிபிஎல் என்ற சுதந்திர உரிமத்துக்கு வந்து, சண்டைக்கான காரணம் தீர்ந்துவிட்டது. சண்டை தீரவில்லை. 2011இல் கினோம் 3 வந்தபோது ஜன்னலைச் சிறிதாக்கும் பட்டனைக் காணோம். அந்தக் கோபத்தில் மாட்டே, சின்னமன் என்று இரண்டு டெஸ்க்டாப்புகள் பிறந்தன. மெஷின் தொடங்கும்போது சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி மேலுள்ள கோபத்தில் டெபியனையே பிரித்து டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனவர்களும் உண்டு. திரையில் ஜன்னல்களைக் காட்ட 1987இலிருந்து இருக்கும் எக்ஸ்11 போதுமா, 2008இல் தொடங்கிய வேலேண்டுக்கு மாறலாமா என்பதில் இவர் பக்கத்து வீட்டு லினக்ஸ்காரரோடு பேச்சுவார்த்தையே நிறுத்தியிருப்பார். உண்மையில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் மின்ட்டும் சின்னமனும் போதும். மெஷின் ரொம்பப் பழசாயிருந்தால் எக்ஸ்எஃப்சிஇ. ஒரே வாக்கியத்தில் முடிகிற காரியம். அவர் முடிக்கமாட்டார்.

மதமாற்றத்தில்தான் அவர் சறுக்குவது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும், தீபாவளிக்கு ஆறு நாள் முன்பே அவருக்குத் தீபாவளி வந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் இல்லாத மெஷின்களைத் தேடி வீடு வீடாகப் போனார். “தம்பி, மெஷின் நல்லாத்தான்பா ஓடுது” என்று பெரியம்மா தயங்கியபோது, “உலகத்துல இருக்கிற டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டரும் லினக்ஸ்தான் பெரியம்மா” என்றார். அது 2017 நவம்பரிலிருந்து உண்மை. பெரியம்மாவுக்கு வேண்டியதோ ஆதார் நகல் எடுக்கும் பிரிண்டர்.

அதேபோல் மளிகை மொத்த வியாபாரியின் கடையில் டாலி ஓட வேண்டும். விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைன் போட்டு ஓட்டலாம் என்பார், மாசக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அது ஓடினால்தான் உண்டு. டிடிபி கடையில் பேஜ்மேக்கருக்குப் பதில் ஸ்கிரைபஸ் என்பார். ஸ்கிரைபஸில் நெடுங்காலம் தமிழின் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றதையும், கடைக்காரரின் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பழைய ஃபாண்டில் கிடப்பதையும் அவர் கணக்கில் எடுப்பதில்லை. புது ஸ்கிரைபஸில் கொம்பு சரியாகிவிட்டது. பழைய பத்திரிகைகள் சரியாகவில்லை.

கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் 2012இலிருந்து தமிழிலேயே லினக்ஸ் சொல்லித்தரும் கணியம் இதழைப் புரட்டலாம்; லினக்ஸ்காரரிடமும் தாராளமாகப் போகலாம், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மாலை முழுக்கச் சொல்லித்தருவார். அவரே பென் டிரைவோடு வீட்டுக்கு வருகிறார் என்றால், கல்யாண ஆல்பம், பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ் அத்தனையையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடவும். முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவவா என்று திரை கேட்கும் இடத்தில் அவர் கேடிஇயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், பேச்சை முடித்துவிட்டு என்டர் தட்டச் சொல்லவும்.