அறிவுரைக்கு ரேஷன்

எந்த வீட்டிலும் எல்லாம் தெரிந்தவர் என்று ஒருத்தர் இருப்பார். யாரும் கேட்காமலே வந்து சொல்வார். உங்கள் வீட்டில் அந்தப் பதவி யாருக்கோ, எங்கள் வீட்டில் எனக்கு. போட்டியில்லாமல் தேர்வானேன்.

தம்பி காலேஜ் கடைசி வருஷத்தில் அறையை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டான். ராத்திரி முழுக்க லைட் எரியும். சோற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினான். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நான் கண்டுபிடித்த நோய், லவ் ஃபெயிலியர். பெண் யாரென்று அவன் சிநேகிதர்களிடம் மாசக்கணக்கில் துருவினேன். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை.

மணப்பாறை அத்தை தாயத்து கட்டினாள். மாமா, "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்றார். உண்மையில் அவனுக்கு வந்திருந்தது சைக்கோசிஸ், எது நிஜம் எது நினைப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும் நோய். அது ஆரம்பித்த பிறகு சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீள நீள, மீண்டு வருவதும் கஷ்டமாகிறதாம். அந்தக் காலத்தைச் சுருக்கத்தான் மெல்போர்னில் பாட்ரிக் மெக்கோரியின் குழு 1992-ல் இளைஞர்களுக்கென்றே எப்பிக் என்ற மையத்தைத் திறந்தது. அந்தக் காலத்தை நீட்டியதில் எங்கள் குடும்பத்தின் உழைப்பும் குறைவில்லை.

எதிர்வீட்டு சிசிடிவி கேமரா தான் நினைப்பதையெல்லாம் பதிவு செய்கிறது என்றான் ஒரு நாள். நான் பிஎஸ்சி ஃபிசிக்ஸ். சும்மா விடுவேனா? கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கே கூட்டிப் போனேன். "திருடன் பயப்படட்டும்னு மாட்டினதும்மா. அதுக்கு வயரே கிடையாது" என்று அந்த அங்கிள் சாட்சி சொன்னார். ஜெயித்த முகத்தோடு திரும்பினேன். "வேலை செய்யாத கேமராவ எதுக்குக்கா நம்ம வீட்டப் பாத்து வச்சிருக்காங்க?" என்றான். இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஒருவழியாக டாக்டரிடம் போனோம். மாத்திரை எழுதினார். கூடவே தம்பிக்கு சிபிடி என்ற பேச்சு சிகிச்சை, எங்கள் மூன்று பேருக்கும் ஃபேமிலி செஷன். "எங்களுக்கு எதுக்கு டாக்டர்? நாங்க நல்லாத்தானே இருக்கோம்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தேதியை எழுதினார்.

முதல் செஷனுக்கு நான் தயாராகப் போனேன், யாரால் இது வந்தது என்ற லிஸ்ட்டோடு. முதலில் அப்பாவின் கோபம், அடுத்து அம்மாவின் செல்லம். சோஷியல் ஒர்க்கர் மேடம் எடுத்த எடுப்பிலேயே, "இது குடும்பத்தால வர்ற வியாதி இல்லம்மா" என்றார். 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவில் வெகுகாலம் அம்மாக்கள் மேல்தான் பழி போட்டார்களாம். பிறகு அது தப்பென்று கைவிட்டார்களாம். அம்மா என் கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்தாள். நான்காக மடித்து ஹேண்ட்பேக்கில் போட்டேன்.

குடும்பத்தால் வராது, ஆனால் வீட்டுக் காற்று எப்படியிருக்கிறது என்பதைப் பொறுத்து திரும்ப வரலாம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் 1950-களில் பார்த்தது இது. ஆஸ்பத்திரியிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர்களுடனோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்களாம். "பாத்தீங்களா, கூடப் பிறந்தவங்கதான் மருந்து" என்று அப்பாவைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். "அவங்க ரொம்பத் தலையிட மாட்டாங்க, அதான்" என்றார் மேடம்.

1976-ல் வான், லெஃப் என்ற இருவர் அதற்குக் கணக்கே போட்டுவிட்டார்கள். குறை சொல்லிக்கொண்டோ அளவுக்கு மீறிப் பொத்திக்கொண்டோ இருக்கிற வீட்டில், அப்படிப்பட்டவரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் நோய் திரும்புவது அதிகம். குறை சொல்வது அப்பா. சரி, பொத்துவது யார்? அம்மாவைப் பார்த்தேன். அம்மா, அப்பா, மேடம் மூவரும் என்னைப் பார்த்தார்கள். அவன் பாத்ரூம் போனால் வெளியே நின்று, "என்னடா பண்றே?" என்று கேட்பவள் நான்தான். பாத்ரூமில் என்ன பண்ணுவார்கள்?

நம் பக்கம் நல்ல சேதியும் உண்டு. 1980-களில் சண்டிகரில் பார்த்தபோது, லண்டன் குடும்பங்களைவிட அங்கே குறை சொல்வது குறைவாக இருந்தது. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பையும் கனடாவின் மான்ட்ரியலையும் ஒப்பிட்ட ஆய்வில், சென்னைக் குடும்பங்கள்தான் சிகிச்சையில் அதிகம் கலந்துகொண்டன. இரண்டு வருஷ முடிவில் பேச்சு குறைவது, ஆர்வம் அற்றுப்போவது போன்ற அறிகுறிகளும் சென்னையில்தான் நன்றாகக் குறைந்திருந்தன. பெருமை தாங்காமல் இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தம்பி விஷயத்தை குரூப்பில் யாருக்கும் சொல்லவில்லை என்பது, "யாருக்கு என்னாச்சு?" என்று சித்தப்பா கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஹோம்ஒர்க். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். சின்ன வாக்கியம். நல்லது செய்தால் எது நல்லது என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ரோல் பிளேயில் என் முறை வந்தது. "இன்னிக்குக் குளிச்சுட்டு வந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்டா" என்றேன். மேடம் கைதட்டப் போனார். "நேத்தும் குளிச்சிருக்கலாம்" என்று முடித்தேன்.

பிரச்னையைப் பேசித் தீர்ப்பதற்கும் வரிசை உண்டு. பிரச்னை என்னவென்று எழுது, தோன்றும் வழிகளையெல்லாம் எழுது, ஒவ்வொன்றிலும் நல்லது கெட்டது பார், ஒன்றைத் தேர்ந்தெடு. அவன் காலையில் எழுந்திருக்க மாட்டேனென்கிறான் என்பதை எடுத்துக்கொண்டோம். அலாரம், தண்ணீர் தெளிப்பது, காப்பியைத் தலைமாட்டில் வைப்பது என்று நான் பக்கம் நிரப்பினேன். கடைசியில் தம்பி வாயைத் திறந்தான். "மாத்திரை தூக்கம் தூக்கமா வருது. டாக்டரக் கேட்டு ராத்திரி கொஞ்சம் சீக்கிரமே போட்டுக்கவா?" அவனைக் கேட்கலாம் என்பது என் லிஸ்ட்டில் இல்லை.

நோய் திரும்புவதற்கு முன் தெரியும் அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னார்கள். தூக்கம் குறைவது, எரிச்சல், எதிலும் மனம் நிற்காதது, யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற நினைப்பு. ஃப்ரிட்ஜில் ஒட்டி, தினமும் அவனைப் பார்த்து டிக் போட்டேன். ஒரு நாள் பேனாவை வாங்கி அவன் என்னைப் பார்த்து டிக் போட்டான். எனக்குத்தான் அதிகம்.

சிபிடி அவனுக்கு மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. ஆரோன் பெக் 1952-லேயே தவறான நம்பிக்கையில் சிக்கிய ஒருவரிடம் பேசியே உதவியதை எழுதியிருக்கிறார். இதில் வாதாட்டம் கிடையாது, ஆமாம் போடுவதும் கிடையாது. நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாய், வேறு காரணம் இருக்க முடியுமா, அது உன்னை என்ன செய்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து துருவுவார்களாம். அவன் கேமரா கேள்வியை நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நானோ எதிர்வீட்டு அங்கிளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன்.

பிரிட்டனின் நைஸ் என்ற அமைப்பின் சிகிச்சை வழிகாட்டி குடும்பத்துக்குக் குறைந்தது 10 அமர்வு, சிபிடிக்குக் குறைந்தது 16 என்கிறது. "எங்களுக்குப் பத்து போதுமில்ல மேடம்?" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குறைந்தது" என்ற சொல்லை மறுபடி சொன்னார்.

நடுராத்திரி ஒரு தடவை டெலி மானஸுக்கு, 14416-க்கு, போன் போட்டேன். 2022-ல் அரசு தொடங்கிய மனநல உதவி சேவை. தம்பியை எப்படிக் கையாளலாமென்று நாலு டிப்ஸ் வாங்கலாமென்பது திட்டம். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் நான் நிறுத்தவே இல்லை. தம்பி பேச்சே வரவில்லை.

யாருமில்லாதபோதும் அவன் காதில் கேட்கும் குரல்கள் இப்போதும் எப்போதாவது வருமாம். காதில் ஹெட்போன் மாட்டி கானா கேட்கிறான். நான் கந்த சஷ்டி கவசத்தைச் சிபாரிசு செய்திருந்தேன், எடுபடவில்லை. "குரல் வந்தா என்னடா பண்ணுவே?" என்று கேட்டேன். "உன்கிட்ட பண்ற மாதிரிதான்கா. பதில் சொல்லாம என் வேலயப் பாத்தா தானா அடங்கிடும்."

போன செஷனில் எனக்கென்று தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு அறிவுரை, மீந்தால் மறுநாளுக்குச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மேடம், அப்பா, அம்மா எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைய பங்கைக் காலை ஆறரைக்கே செலவழித்துவிட்டேன், "சீக்கிரம் எழுந்திருடா" என்று. அவன் எனக்கு முன்னாலேயே எழுந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தான்.