பீசி டிரசர்

தோட்டத்துக்கு மருந்து கொடுக்க ஒரு டிரசர் இருந்த காலம் போய், கோலசிலாங்கூர் பக்கம் இப்போது தாமானுக்கு, கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்க ஒரு பீசி டிரசர் இருக்கிறார். அந்தக் கால டிரசர் எந்த நோய்க்கும் ஒரே புட்டியைச் சாய்ப்பார் என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள். இவர் அப்படியில்லை. ஒரே நோய்க்கு ஒன்பது மருந்து சொல்வார். ஒன்பதும் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில்தான் கிடைக்கும்.

வயது முப்பத்தைந்து இருக்கும். சைபர் கஃபேயில் கவுண்டர் ஸ்டிரைக் ஆடி வளர்ந்தவர். பகலில் செம்பனை ஆலையில் வேலை. மாலையானால் மோட்டார் சைக்கிள் ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை சுற்றும். (2007-லேயே பெயர் மாறிவிட்டது, அவர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) கூலி வாங்கமாட்டார். தே ஓ, பீசாங் கோரெங், சொல்வதைக் கேட்க நாலு பேர், அவ்வளவு போதும்.

"கேம் திக்குதுண்ணே" என்று பையன் சொன்னதும் அவர் முகம் மலரும்.

"எப்போ திக்குது? புது இடத்துக்குள்ள போறப்ப மட்டும்னா ஷேடர். அரை மணி ஆடுன பொறவுன்னா சூடு. எந்நேரமும்னா உன் தலைவிதி."

ஆட்டத்தைத் திறந்ததும் திரையின் மூலையில் எண்களை ஓடவிடுவார். சூடு, வேகம், மெமரி என்று வரிசை நீண்டு, வில்லன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்றே தெரியாது. சீரியலுக்காகக் காத்திருக்கும் பாட்டிக்கும் பாடம் உண்டு. "நொடிக்கு 60 படம் பாட்டி. ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். நடுவுல ஒண்ணு 50 எடுத்துச்சின்னா கண்ணு கண்டுபிடிச்சிரும். சராசரி பாத்து ஏமாறக் கூடாது."

ஆள் விஷயம் தெரிந்தவர்தான். 3200 வேகத்துக்கு வாங்கிய ராம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காததால் 2133-இல் நொண்டுவதைப் பல வீடுகளில் பிடித்திருக்கிறார். கிராஃபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, திரையின் கேபிளை மதர்போர்டில் சொருகியவர்களையும் பார்த்திருக்கிறார். அவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தணியும்.

ஒரே குறை, திருப்புளியைத் தொடமாட்டார். பெட்டியைத் திறந்துவிட்டால் அப்புறம் ஆராய என்ன இருக்கிறது?

ஜெராமில் ஒரு வீடு. தகரக்கூரை, பிற்பகல் வெயில், சாமி மேடைக்கு அடியில் கம்ப்யூட்டர். ப்ராசஸர் 100 டிகிரி காட்டியது. அந்த அளவு சூடேறினால் சில்லு கருகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம்மவர் டிரைவரை மாற்றினார், விண்டோஸை மறுபடி ஏற்றினார், 850 வாட் பவர் சப்ளை ஒன்றைச் சிபாரிசும் செய்தார்.

பாட்டி பொறுமையிழந்தார். "ஏம்பா, அந்தப் பக்கத்துத் தகட்டைக் கழட்டிப் பாரேன்."

பையன் கழற்றினான். விசிறி இதழ்களில் சாம்பிராணிப் புகையும் விபூதியும் தூசியும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தன. ஓரத்தில் ஒரு பல்லி முட்டை. பெயிண்ட் பிரஷால் துடைத்து, ஸ்டாண்டு ஃபேனை நேராகத் திருப்பி வைத்தார்கள். 74 டிகிரி. ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

வீடே சிரித்தது. டிரசர் மட்டும் பீசாங் கோரெங்கைக் கீழே வைத்துவிட்டு, எண்களையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் கடைசியில், "ஃபேனை எடுத்துட்டு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாப்பமா?"